வீட்டை விற்கும் முன் நல்ல படம் எடுங்கள்: கொழும்பில் முதன்முறை விற்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் அம்மாவின் தொடர்மாடி வீட்டை விற்க வேண்டி வந்தபோது, முதல் விளம்பரத்துக்கான படங்களைக் கைப்பேசியில் நானே எடுத்தேன். மாலை நாலரை மணி. கடற்பக்க யன்னலால் வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. படத்தில் யன்னல் வெறும் வெள்ளைத் துண்டாகத் தெரிந்தது, அறை இருண்டு கிடந்தது, ஒரு கதிரையின் முதுகில் துவாய் தொங்கியது. மூன்று வாரம் அந்த விளம்பரம் இருந்தது. அழைத்தவர்களில் பெரும்பாலானோர் தரகர்கள். ரொறன்ரோவிலிருந்து பேசிய ஒருவர், "வீடு கொஞ்சம் இருட்டோ?" என்று கேட்டார். காலையில் விளக்கே போடத் தேவையில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் அவரை நம்ப வைக்க முடியவில்லை. என் வார்த்தைக்கு எதிராக நான் எடுத்த படமே அவர் கையில் சாட்சியாக இருந்தது.

பிறகு வீடுகளைப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அழைத்தோம். அதே வீடு, அதே தளபாடம், அதே விலை. ஆனால் இம்முறை வீட்டைப் பார்க்க வரலாமா என்று கேட்டு அழைப்புகள் வந்தன. அதற்குப் பின் கொட்டாஞ்சேனை, தெஹிவளை, பம்பலப்பிட்டி என்று உறவினர்களின் வீடுகளுக்கும் இந்த வேலையில் கூடவே நின்றிருக்கிறேன். அங்கெல்லாம் கற்றதை வேலை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தமிழர் வாங்கும் வீடுகளில் பலவற்றுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், வந்து பார்ப்பவர் இன்னொருவர். பணம் கொடுப்பவர் லண்டனிலோ பாரிஸிலோ இருந்து கைப்பேசித் திரையில் பார்க்கிறார். பார்க்க வருபவர் அவருடைய அண்ணனோ ஓய்வுபெற்ற மாமாவோ. முதலாமவர் "போய்ப் பாருங்கோ" என்று சொல்லும் அளவுக்குப் படம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டாமவர் வாசலில் நின்று "படத்தில் பார்த்தது இதையா?" என்று கேட்காத அளவுக்கு அது உண்மையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவதில் தவறினால் வியாபாரம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும். வீட்டுப் படம் பற்றி நான் சொல்லும் எல்லா யோசனைக்கும் இதுதான் அளவுகோல்.

முதலில் பழுது பாருங்கள்

படம் எடுப்பவரை அழைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. யன்னல் கம்பி, பல்கனிக் கைப்பிடி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி தாங்கும் சட்டம் ஆகியவற்றில் துரு முதலில் தெரியும். கைப்பேசித் திரையில் அது சிறு கறையாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குபவர் பெருப்பித்துப் பார்ப்பார், நிச்சயமாகப் பார்ப்பார். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன்மேல் நிறம் பூசுங்கள்.

சுவரில் ஈரக்கசிவும் பூஞ்சணமும் இருந்தால் மேலே வெள்ளை அடித்து மறைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அது திரும்ப வரும். வீடு பார்க்க வருபவர் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே வந்து நிற்பார். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்து, சுவர் காய்ந்த பிறகு பூசுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் கசிவைத் திருத்தாமல் விட்டு, விலையில் அதற்கு இடம் கொடுத்து, கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

மின்குமிழ்களுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. பல வீடுகளில் ஒரே அறையில் ஒரு மூலையில் மஞ்சள் குமிழும் இன்னொரு மூலையில் நீலம் கலந்த வெள்ளைக் குமிழும் எரியும். நம் கண் அதைச் சமன் செய்துகொள்ளும், கமெரா அப்படிச் செய்யாது. சுவரின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் படத்தில் விழும். குமிழ்ப் பெட்டியில் கெல்வின் என்ற அளவு அச்சிட்டிருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி, 6500 பகல் வெள்ளை. ஓர் அறைக்கு ஒரே அளவில் வாங்கி மாற்றுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் படத்தை உயர்த்தும் வேலை வேறொன்றும் எனக்குத் தெரியாது.

பிறகு பொருட்களை ஒழியுங்கள்

வீட்டில் வாழும்போது சேர்ந்தவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருக்கும் பொலித்தீன் பைக் கட்டு, கதவுக்குப் பின்னால் தும்புத்தடி, மேசையில் மருந்துப் போத்தல்கள், சுவரில் மூன்று வருடத்து நாட்காட்டி. பழகாத ஒருவரை அழைத்து ஒவ்வோர் அறையையும் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு உடனே தெரியும். எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து, கடைசியாகப் படம் எடுக்கும் அறையில் அடுக்கி வையுங்கள். மற்ற அறைகள் முடிந்ததும் பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்த அறையையும் எடுக்கலாம்.

தளபாடத்தில் பாதியை அகற்றினாலும் நல்லது. கொழும்பு வீடுகளின் வரவேற்பறைகள் சிறியவை, அவற்றில் நாம் வைக்கும் சோபாக்கள் பெரியவை. ஒரு சோபாவை எடுத்தால் நிலம் தெரியும். நிலம் தெரிந்தால் அறை எவ்வளவு பெரியது என்பது பார்ப்பவருக்குத் தானாக விளங்கும்.

குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெயரும் பாடசாலையும் முகமும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி போய்விடும். பூட்டுகள், பெட்டகம், வாகன இலக்கத்தகடு, அலுமாரித் திறப்பு தொங்கும் ஆணி ஆகிய எவையும் படத்தில் வரக் கூடாது.

சாமி அறையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அதைக் கலைக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தனிச் சாமி அறை இருப்பது வாங்கும் சைவக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். எண்ணெய்ப் படிவைத் துடைத்து, வாடிய பூக்களை எடுத்து, விளக்கை மினுக்கி வைத்து ஒரே ஒரு படம் எடுங்கள். ஆனால் வரிசையில் பின்னால் வையுங்கள். வாங்குபவர் சிங்களவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், "இது ஒரு சிறிய தனி அறை" என்று அவர் எண்ணிக்கொள்ள அந்த ஒரு படம் போதும்.

வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால் இவை அனைத்தும் அவர்களுடைய சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். அவர்களுக்கு வசதியான நாளைக் கேளுங்கள். அவர்களுடைய பொருட்களை நீங்கள் தொடாதீர்கள்.

யாரை அழைப்பது

நம்மவர்களிடையே கலியாணப் படம் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முகத்தை எடுப்பது வேறு கலை, சுவரை எடுப்பது வேறு கலை. பம்பலப்பிட்டி வீடு ஒன்றுக்கு நாங்கள் கலியாணப் படப்பிடிப்பாளர் ஒருவரை அழைத்தோம். பின்னணி மங்கிய பூச்சாடிகள், கதவிடுக்கு வழியே விழும் ஒளிக்கீற்று என்று பார்க்க அழகான படங்கள் வந்தன. அறையின் நான்கு மூலைகளையும் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே விலை கேட்பதற்கு முன், அவர் முன்பு எடுத்த வீட்டுப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு வீட்டின் முழு வரிசையையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் படம் எவரிடமும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்கும்போது சுவரின் ஓரங்களும் கதவு நிலைகளும் நேர் செங்குத்தாக நிற்கின்றனவா என்று கவனியுங்கள். மேலே குவிந்தோ கீழே ஒடுங்கியோ இருந்தால் கமெராவைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். யன்னலுக்கு வெளியே மரமும் வானமும் தெரிகின்றனவா, அல்லது யன்னல் வெளிறிப்போய் இருக்கிறதா? வெளியும் உள்ளும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரே கோணத்தில் வெவ்வேறு ஒளியளவில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும், அல்லது உள்ளே ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூரையில் அடித்துத் தெறிக்க விட வேண்டும். முதலாவது முறை முக்காலி இல்லாமல் சரிவராது, இரண்டாவதற்கும் அது கைகொடுக்கும். முக்காலி கொண்டு வராதவரை நான் அழைக்க மாட்டேன்.

மூன்றாவது, படத்தின் ஓரத்திலுள்ள பொருட்களைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி அகன்று, கட்டில் கப்பல்போல் நீண்டு இருந்தால் மிதமிஞ்சிய அகலக் கோண லென்ஸ் பாவித்திருக்கிறார். முழுச்சட்டகக் கமெராவில் (பழைய பிலிம் சட்டகத்தின் அளவில் உணரி உள்ள கமெரா) 16 முதல் 24 மில்லிமீற்றர் வரையான லென்ஸ் வீட்டுக்குப் பொருந்தும். எண் குறையக் குறையக் கோணம் அகலும். பல கைப்பேசிகளில் 0.5 என்று இருக்கும் லென்ஸ் ஏறத்தாழ 13 மில்லிமீற்றருக்குச் சமம். அதில் எடுத்தால் பத்தடி அறை கலியாண மண்டபம்போல் தெரியும். வந்து பார்க்கும் மாமா முதலில் அளப்பதும் அந்த அறையைத்தான்.

பேசி முடிக்கும்போது எத்தனை படங்கள், எத்தனை மணி நேரம், திருத்த வேலை எவ்வளவு, எந்தத் திகதிக்குள் கிடைக்கும், மழை வந்தால் மறுநாள் வருவாரா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். வாட்ஸ்அப் செய்தியாகவேனும் இருக்கட்டும். படங்களை எங்கெங்கே பாவிக்கலாம், தரகருக்குக் கொடுக்கலாமா என்பதும் அதில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கப்பட்ட படைப்பாகவே கொள்கிறது. பணம் கொடுத்தேன் என்பதால் எல்லா உரிமையும் எனக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

நாளும் நேரமும்

கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது. பலர் மாலையில் கடல் அழகு என்று மாலைக்கே நேரம் கொடுத்துவிடுகிறார்கள். நான் செய்த பிழையும் அதுதான். மாலையில் சூரியன் கமெராவுக்கு நேரெதிரே நிற்கும். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வெயில் நம் முதுகுப் பக்கம் கிழக்கிலிருந்து வரும், அப்போதுதான் கடல் நீலமாகத் தெரியும், அறைக்குள்ளும் ஒளி மென்மையாக இருக்கும். சூரியன் மறையும் படம் வேண்டுமென்றால் பல்கனியிலிருந்து ஒன்று தனியாக எடுங்கள். இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். மறைந்த பின் வானம் நீலமாக இருக்கும் நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. முக்காலியை முன்பே நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. கொட்டாஞ்சேனையில் இரண்டு பக்கமும் மாடி எழுந்த ஒடுங்கிய ஒழுங்கைகளில், முன்பக்கத்தில் வெயில் படுவதே பதினொரு மணிக்குப் பிறகுதான். வீட்டின் முகப்பு எத்தனை மணிக்கு வெளிச்சமாகிறது என்று முதல்நாள் நின்று பாருங்கள். படப்பிடிப்பாளருக்கு அதைச் சொல்லக்கூடியவர் அங்கே வாழும் நீங்கள்தான்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை எடுங்கள். வானம் தெளிவாக இருக்கும், சுவரும் காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வரும் என்பதால் காலையை விட்டுவிடாதீர்கள்.

படம் எடுக்கும் நாள்

ஆரம்பிக்க அரை மணி நேரம் முன்பே குளிரூட்டியை நிறுத்தி யன்னல்களைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கமெராவைப் பல்கனிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படிந்து படமெல்லாம் புகைமூட்டமாகிவிடும். தெஹிவளையில் காலை முழுவதும் இதனால் வீணானது. மின்விசிறிகளையும் நிறுத்துங்கள், சுழன்றால் மங்கிய வட்டமாகத் தெரியும். திரைச்சீலைகளை முழுவதும் ஒதுக்கிக் கட்டுங்கள். மலசலகூட மூடியை மூடுங்கள், வாளியையும் கோப்பையையும் வெளியே வையுங்கள். கண்ணாடிகளில் படம் எடுப்பவர் தெரிகிறாரா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

கமெரா ஏறத்தாழ நாலடி உயரத்தில், தரைக்கு மட்டமாக நிற்க வேண்டும். குசினியில் மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் அடுப்பு மேடையின் மேற்பரப்பு தெரியும். குசினிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். நம் வீடுகளில் கடைசித் தீர்ப்புச் சொல்பவர் அங்கே சமைக்கப்போகிறவர். அடுப்புக்கு மேல் புகைபோக்கி இருக்கிறதா, காஸ் சிலிண்டர் எங்கே நிற்கும், அரைக்கும் இயந்திரம் வைக்க இடம் இருக்கிறதா, துணி காயப்போடும் பின்பல்கனி எவ்வளவு அகலம் என்பவற்றை அவர் தேடுவார். வரவேற்பறையை மூன்று கோணத்தில் எடுத்துவிட்டு பின்பல்கனியை விட்டுவிடும் படப்பிடிப்பாளர்கள் அதிகம். கேட்டு எடுக்கச் செய்யுங்கள். படுக்கையறைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு, குளியலறைக்கு ஒன்று போதும்.

வாசற்கதவு எந்தத் திசை பார்க்கிறது என்பது படத்திலிருந்து விளங்காது, ஆனால் வாங்குபவர்கள் கேட்பார்கள். கதவைத் திறந்து வைத்து ஒரு படம் எடுத்து, கீழே திசையை எழுதுங்கள். வாகனத் தரிப்பிடம், மின்தூக்கி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றுக்கும் படம் வேண்டும். அவை பொது இடங்கள் என்பதால் தொடர்மாடி நிர்வாகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ட்ரோன் படம் வேண்டுமா என்று கேட்பார்கள். இலங்கையில் ட்ரோன் பறக்கவிடுவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. இரத்மலானை விமான நிலையம் தெஹிவளைக்கு அடுத்தே இருக்கிறது, நகருக்குள் பாதுகாப்பு வலயங்களும் இருக்கின்றன. அனுமதியைக் காட்ட முடியாதவரைப் பறக்கவிட விடாதீர்கள். தொடர்மாடியின் மொட்டைமாடியில் நின்று எடுக்கும் ஒரு படம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பல பேர்ச் காணியோடு இருக்கும் தனிவீடு என்றால் மட்டும் மேலிருந்து எடுப்பதில் பயன் உண்டு.

திருத்தத்தில் எதுவரை

கோடுகளை நேராக்கலாம், ஒளியைக் கூட்டலாம், நிறத்தைச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போகும்போது என் மனம் ஒப்புவதில்லை. எதிரே எழும் புதிய மாடியை அழிப்பது, மின்கம்பியை அழிப்பது, சுவர்க் கறையை அழிப்பது, சாம்பல் வானத்துக்குப் பதிலாக நீல வானம் ஒட்டுவது எல்லாம் வாங்குபவருக்கு நாம் சொல்லும் பொய். மரைன் டிரைவ் பக்கத்து வீடு என்றால் கடலுக்கும் வீதிக்கும் இடையில் தண்டவாளம் ஓடுவது படத்தில் தெரியட்டும். ரயில் சத்தம் கேட்கும் என்பது வருபவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரியத்தான் போகிறது. வெறுமையான வீட்டில் கணினியால் தளபாடம் போட்டுக் காட்டினால், அது கணினிப் படம் என்று அதன் கீழேயே எழுதி, வெறுமையான படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

விளம்பரத்தில் போடும்போது

12 முதல் 15 படங்கள் போதும். முதற்படம் வீட்டின் மிகச் சிறந்த இடமாக இருக்கட்டும், பெரும்பாலும் வரவேற்பறையும் அதனோடு தெரியும் பல்கனியும். அதன் பிறகு வாசலால் நுழைந்து நடப்பதுபோல் வரிசைப்படுத்துங்கள். நடந்து பார்த்த உணர்வு வந்தால் வெளிநாட்டில் இருப்பவருக்கு வீட்டின் அமைப்பு விளங்கும். எந்த அறை எங்கே என்று காட்டும் வரைபடம் ஒன்றையும் அளவுகளோடு சேருங்கள். கையால் வரைந்ததானாலும் நேராக, வாசிக்கக்கூடியதாக இருந்தால் போதும். மாடி எண், சதுர அடி, திசை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவிழக்கும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். கனடாவில் உள்ளவர்களுக்காக என்றால் நேரத்தையும் யோசியுங்கள். கோடைகாலத்தில் கொழும்பில் மாலை 6.30 என்பது ரொறன்ரோவில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2. சனிக்கிழமை மாலை போட்ட விளம்பரத்துக்கு எங்களுக்கு அன்றிரவே அழைப்பு வந்தது.

படங்களை எல்லாத் தரகர்களுக்கும் வாரி வழங்காதீர்கள். ஒரே படம் ஐந்து இடத்தில் ஐந்து விலையோடு வந்தால், அந்த வீட்டில் ஏதோ சிக்கல் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். ஒருவர் அல்லது இருவரிடம் கொடுத்து, விலையை எழுதிக் கொடுங்கள். உறுதி, வரிச்சிட்டை போன்ற ஆவணங்களைப் படம் எடுத்துப் பொதுவில் போடவே வேண்டாம். நேரில் வந்து விருப்பம் சொன்னவருக்கும் அவருடைய நொத்தாரிசுக்கும் காட்டினால் போதும்.

வீடு பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் வீட்டைப் படத்தில் இருந்த நிலையிலேயே வைத்திருங்கள். அதே திரைச்சீலை, அதே குமிழ், அதே ஒதுக்கிய கதிரை. முடிந்தவரை படம் எடுத்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள், பிறகு மாலை வெயிலையும் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக அழையுங்கள்.

உறுதி எழுதிக் கையெழுத்தானதும் விளம்பரங்களை நீக்கி, தரகர்களிடமும் நீக்கச் சொல்லி, நீக்கிவிட்டார்களா என்று நீங்களே தேடிப் பாருங்கள். அன்றிலிருந்து அந்தப் படங்களில் இருப்பது வேறொரு குடும்பத்தின் படுக்கையறை. எங்கள் வீட்டின் படம் ஒன்று விற்று எட்டு மாதம் கழித்தும் ஓரிடத்தில் கிடந்தது. வாங்கியவரின் மகள் அழைத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றே எழுதி எடுப்பித்தேன்.